அப்பாவும் மகளும் மட்டும் இருக்கும் வீடு: எனக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளை யாரிடம்?

நடைவழி | 6 செப்டம்பர் 2020, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். அவளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அவள் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மார்ச் வரைக்கும் ஓர் ஏற்பாடு ஓடியது: காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் என் அம்மா வீடு, சாயங்காலம் நான் போய்க் கூட்டிவருவேன். கொரோனாவால் பள்ளி மூடியதும் முதல் பாதி போனது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. அதனால் இரண்டாவது பாதியை நாங்களே நிறுத்தினோம். இப்போது வாசலில் தள்ளி நின்று பேசிவிட்டு வருகிறோம்.

ஒன்பதரைக்கு அவளுக்கு ஆன்லைன் வகுப்பு, அதே நேரத்தில் எனக்கு ஆபீஸ் மீட்டிங். லேப்டாப் எனக்கு, போன் அவளுக்கு, ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருகிறோம். வகுப்பில் அடிக்கடி "அம்மாவைக் கூப்பிடு, அம்மா உதவி பண்ணுவாங்க" என்று வரும். ஆரம்பத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அவளே மைக்கைப் போட்டு, "எங்க வீட்ல அப்பாதான், மிஸ்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கிவிடுகிறாள். வீட்டுப்பாடம் வருகிற வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரே அம்மாக்கள் குழு. கேட்டுத்தான் சேர்ந்தேன்.

சமையல், துணி, தலைபின்னல், பாடம் எல்லாம் எப்படியோ நடக்கிறது. நான் கேட்க வந்தது வேறு. தினமும் காலையில் எனக்குத் தெர்மாமீட்டர் வைப்பது அவள்தான். பீப் சத்தம் வந்ததும் எண்ணைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். அப்பாவுக்கு ஒரு வரிசை, அவளுக்கு ஒரு வரிசை. போன வாரம் எனக்கு 99.1 காட்டியது. எழுதி முடித்தவள் பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "அப்பா, உனக்குக் காய்ச்சல் வந்தா நான் யார்கூட இருப்பேன்?"

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்றும் எல்லோரும் அவளிடம் அதைத்தான் சொன்னோம்.

காய்ச்சல் எனக்கு அன்று சாயங்காலமே இல்லை. கேள்வி மட்டும் போகவில்லை. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவர் அறைக்குள் தனித்து இருந்துகொள்ளலாம். ஒரே ஆள் இருக்கும் வீட்டில் என்ன செய்வது? தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இதை யோசித்து வைத்திருக்கிறீர்களா?

கடிகாரமுள் | 7 செப்டம்பர், காலை 7:05

வாங்க நண்பரே. நானும் தனி அப்பாதான், பையனுக்கு ஒன்பது வயது. அவன் அம்மா வேறு ஊரில். இந்த ஆறு மாதமாக அவர்கள் பார்த்துக்கொள்வது வீடியோ காலில்தான்.

என் அனுபவத்தில் பிள்ளைக்குப் பயம் வருவது நாள் கலைந்துபோகும்போது. அதனால் மூன்று நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்: எழுந்திருப்பது, மதியச் சாப்பாடு, படுக்கை. நடுவில் எப்படிப் போனாலும் கவலைப்படுவதில்லை. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ஊரடங்கு தொடங்கிய சமயத்தில் பெற்றோருக்குக் குறிப்புகள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் தினமும் தனியாக நேரம் ஒதுக்குங்கள், 20 நிமிடமானாலும் போதும் என்று அதில் இருந்தது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பையன்தான் முடிவு செய்வான். போனை அடுத்த அறையில் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் என்னை வேலை செய்ய விடுகிறான். முதலில் என்னாலேயே நம்ப முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. பேச்சை மாற்றிவிடுங்கள். நீங்கள் திட்டம் போடுங்கள், அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தனித்தென்றல் | 7 செப்டம்பர், காலை 10:48

நடைவழி அண்ணா, கடிகாரமுள் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பிள்ளை கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு பேச்சை மாற்றினால், பதில் கெட்டதாக இருக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அதுவும் ஒரு முறை அம்மாவை இழந்த பிள்ளை.

நான் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். ஏப்ரலிலேயே இதை யோசித்தாகிவிட்டது. முதலில் எல்லோரும் தவறு செய்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஏதாவது ஒண்ணுன்னா பிள்ளையைப் பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "எனக்குத் தொற்று உறுதியாகி, பிள்ளைக்கும் இருக்கலாம் என்ற நிலையில், இரண்டு வாரம் அவளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா?" இதற்கு வருகிற ஆமாம்தான் ஆமாம். நான் கேட்டவர்களில் மிக நெருக்கமான ஒருவர் தயங்கினார். அவர் வீட்டில் இதய நோயாளி இருக்கிறார், அந்தத் தயக்கம் நியாயமானது. முன்பே தெரிந்தது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் எப்போதும் நம்புகிற ஆள் தாத்தா பாட்டி. இந்த நோயில் பிள்ளையை அனுப்பக் கூடாத இடமும் அதுதான். உங்கள் அம்மாவைப் பட்டியலில் வைக்காதீர்கள். அறுபதுக்குக் கீழே, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இல்லாத ஆளாகப் பாருங்கள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் சுமத்தவும் வேண்டாம். பாதி ராத்திரியில் கூப்பிட்டால் வந்து நிற்கக்கூடிய பக்கத்து ஆள் ஒருவர், வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று. இரண்டும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம்.

இரவுப்பணி | 8 செப்டம்பர், காலை 6:30

நான் செவிலியர். பணி முடிந்து வந்து படித்தேன். தனி அப்பா, தனி அம்மா எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொற்று உடலுக்குள் போய் அறிகுறி தெரிய 1 முதல் 14 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் 5, 6 நாளில் தெரிந்துவிடும். நீங்கள் நோயில் படுக்கும்போது பிள்ளைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இலேசாகத்தான் வருகிறது. அதனால் உங்களுக்கு இலேசான அறிகுறி என்றால், பிள்ளையை அவசரமாக வேறு வீட்டுக்கு அனுப்பி அங்கே பரப்புவதைவிட, உங்களோடேயே வைத்துக்கொண்டு கவனமாக இருப்பது பல நேரம் சரியான முடிவு. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு வயதுப் பிள்ளையிடமிருந்து முழுக்கத் தனித்திருக்க முடியாது, யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. நீங்கள் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், படுக்கையைத் தள்ளிப் போடுங்கள், ஒரே தட்டில் சாப்பிடாதீர்கள், கை கழுவிவிட்டுத்தான் அவளுக்குச் சமைக்க வேண்டும். பிள்ளைக்கு முகக்கவசம் பற்றி ஆகஸ்ட் 21 அன்று உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சொன்னது இது: ஐந்து வயது வரை கட்டாயப்படுத்த வேண்டாம், ஆறு முதல் பதினொன்று வரை சூழலைப் பார்த்து முடிவு செய்யலாம், பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலவே. உங்கள் மகள் சரியாக அணியக்கூடியவள் என்றால், நீங்கள் படுத்திருக்கும் அறைக்கு வரும்போது அணியட்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை வலியுறுத்துகிறேன். பிள்ளைக்குப் பாராசிட்டமால் அளவை எடை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 18 கிலோ பிள்ளை என்றால் 180 முதல் 270 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சிரப்புக்குச் சிரப்பு அடர்த்தி மாறும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் இருக்கிறதா 250 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாட்டிலைப் பாருங்கள். வேறொருவர் வந்து கொடுக்க நேர்ந்தால் குழம்பாமல் இருக்க, எத்தனை மில்லிலிட்டர் என்று பாட்டில் மேலேயே ஒட்டிவையுங்கள். பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. சானிடைசரில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும், அதைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்களுக்கு: விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 94 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச மூச்சு பிடிக்கவில்லை என்றாலோ, நெஞ்சு வலியோ குழப்பமோ வந்தாலோ தாமதிக்க வேண்டாம். தனியாக இருப்பவர்கள் தாமதிப்பதை நான் நேரில் பார்க்கிறேன். "பிள்ளையை விட்டுட்டு எப்படி வருவேன்" என்று யோசித்து யோசித்து, மிக மோசமான பிறகுதான் வருகிறார்கள். பிள்ளை யாரிடம் என்பது முடிவாகியிருந்தால் நீங்கள் சரியான நேரத்தில் வருவீர்கள். அந்த ஏற்பாடு உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாம்படி | 8 செப்டம்பர், மாலை 4:15

இரவுப்பணி அக்கா சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு உண்மை. ஜூலையில் எனக்கு வந்தது. வீட்டில் நானும் எட்டு வயதுப் பையனும் மட்டும்.

காய்ச்சலைவிட அசதிதான் ஆளைத் தள்ளியது. எழுந்து அடுப்பு வரைக்கும் போவதே பெரிய வேலையாக இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் சாப்பாட்டை மூன்றாவது படியில் வைத்துவிட்டு மணி அடிப்பார்கள். பையன் அவர்கள் மேலே ஏறி முடிக்கும் வரை கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிவிட்டு எடுத்துவருவான். என் பெயர் அந்தப் படிதான்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி மேல் தாழ்ப்பாள் போடுவது வழக்கம். படுக்கையில் கிடந்தபோதுதான் உறைத்தது: நான் மயங்கி விழுந்தால் பையனுக்கு அது எட்டாது. வெளியிலிருந்து சாவி வைத்திருப்பவர் வந்தாலும் திறக்க முடியாது. அன்றிலிருந்து கீழ்ப் பூட்டு மட்டும்தான். ஒரு மாற்றுச் சாவி மேல்வீட்டில்.

இன்னொன்று போன். பின் நம்பர் தெரியாமலேயே, பூட்டிய திரையிலிருந்து அவசர எண்ணுக்கு அழைக்கலாம். அந்த இடத்தைப் பையனுக்குக் காட்டி, அழுத்தாமல் விரலை வைத்துப் பழகவைத்தேன். வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து மனப்பாடமாகச் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். என் பையனுக்குத் தெரு பெயர் தெரியும், கதவு எண் தெரியாது.

கஷ்டமாக இருந்தது ஒன்றுதான். கட்டிப்பிடிக்க முடியாது. அவன் கதவோரமாக உட்கார்ந்து எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வழக்கமாக நான் அவனுக்கு வாசிப்பதுதான். அதை இப்போதும் விடவில்லை.

வெண்பலகை | 9 செப்டம்பர், இரவு 9:02

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். "அம்மாவைக் கூப்பிடு" என்ற வரியைப் படித்துவிட்டு, என் வகுப்பில் இன்று காலையிலிருந்து "வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கூப்பிடு" என்று சொல்கிறேன். உங்கள் மகளின் ஆசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள். கோபப்பட மாட்டார்கள். நாற்பது சின்னச் சின்னக் கட்டங்களைப் பார்த்துப் பேசும்போது எந்தக் கட்டத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை.

ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி மூடியிருந்தது என்று யுனெஸ்கோ கணக்கு சொன்னது. எந்த ஆசிரியரும் இதற்குப் பயிற்சி எடுத்தவர் இல்லை. ஆகையால் கேட்டு வாங்குங்கள். "வீட்டில் ஒரே ஆள், ஒரே போன், ஒன்பதரைக்கு எனக்கும் வேலை" என்று மூன்று விஷயத்தை எழுதி அனுப்பினால் போதும். பதிவு செய்த பாடத்தைச் சாயங்காலம் பார்க்க அனுமதிப்பார்கள், இல்லையென்றால் நேரம் மாற்றுவார்கள். ஆறு வயதில் தினமும் நீங்கள் வாசித்துக் காட்டுவதும், அவள் நான்கு வரி எழுதுவதும், பொருள்களை எண்ணிக் கூட்டுவதும் நடந்தால் அந்த வருடம் வீணாகாது. அந்த வெப்பநிலை நோட்டு இருக்கிறதே, அதுவே நல்ல கணக்குப் பாடம்.

பிள்ளை யாரிடம் என்ற ஏற்பாட்டை எழுதிவைக்கும் தாளில் வகுப்பாசிரியர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் முதலில் கவனிப்பது நாங்கள்தான். "இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறார்.

கடிகாரமுள் | 9 செப்டம்பர், இரவு 10:30

தாழ்ப்பாள் விஷயம் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டிலும் மேல் தாழ்ப்பாள்தான்.

தனித்தென்றல், உங்கள் பேச்சை நாள் முழுக்க யோசித்தேன். ஒன்பது வயதுக்காரன் கேட்டால் சொல்லலாம். கேட்காத பிள்ளையிடம் நாமாகப் போய் இந்தப் பயத்தை எடுத்து நீட்ட வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

தனித்தென்றல் | 9 செப்டம்பர், இரவு 10:52

அது சரிதான். ஆனால் ஒரு நாள் பாதி ராத்திரியில் அவன் வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால், அந்த வீட்டின் பெயரை அவன் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. நோய் என்று சொல்லித் தொடங்க வேண்டாம். "நான் வீட்டில் இல்லாவிட்டால் நீ இவர்களிடம் இருப்பாய்" என்று சொன்னாலே போதும்.

பழைய குடை | 10 செப்டம்பர், காலை 5:40

நடைவழி தம்பி, நான் முப்பது வருடத்துக்கு முன்னால் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவன். அப்போது தொற்றுநோய் இல்லை, ஆனால் பிள்ளை கேட்ட கேள்வி இதேதான். என் பெரியவள் கேட்டாள்.

வாய்ப்பேச்சோடு விடாதே. நீ மருத்துவமனையில் இருந்தால் பிள்ளையின் சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடலாம், பள்ளி யாரிடம் பேசலாம் என்பதைத் தாளில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, அந்த ஆளிடம் ஒரு பிரதி கொடு. நீயே இல்லாமல் போனால் பிள்ளைக்குக் காப்பாளர் யார் என்பது தனி. அதை உயிலில் எழுத வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடு. இதை எழுதினால் அபசகுனம் என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். எழுதிய அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நடைவழி | 20 செப்டம்பர், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம்.

தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் தனித்தென்றல் சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் கூப்பிட்டு, கூடத்தை அவளுக்கு விட்டுவிட்டு அவர்கள் உள்ளறையில் இருந்துகொள்வதாகவும், தம்பி முகக்கவசத்தோடு அவளுக்கு வேண்டியதைக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். இப்படி யோசித்துச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். பாதி ராத்திரிக்குக் கீழ்வீட்டு அக்கா. மேல் தாழ்ப்பாளைக் கழற்றியே விட்டேன்.

பிறகு மகளிடம் சொன்னேன்: "எனக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல நீயும் நானும் இங்கேயே இருப்போம். நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தா நீ சித்தப்பா சித்தி வீட்ல இருப்ப. நான் தினமும் கூப்பிடுவேன், கூப்பிட முடியாத அன்னிக்குச் சித்தி உனக்கு உள்ளதைச் சொல்லுவா." ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. கேட்டது வேறு: "சித்திக்கு என் கிளாஸ் ஒன்பதரைக்குன்னு தெரியுமா? நான் லைட் போட்டுத்தான் தூங்குவேன்னு தெரியுமா?" தெரியாது என்றேன். உடனே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளே எழுதத் தொடங்கிவிட்டாள். லைட், வகுப்பு நேரம், வலது பக்கம் ஆடுகிற பல்லை யாரும் இழுக்கக் கூடாது என்பது வரை இருக்கிறது. என் தாளில் இருப்பது எடை, மருந்து அளவு, தடுப்பூசி அட்டை இருக்கும் இடம், மருத்துவர், வகுப்பாசிரியர் எண்கள். இரண்டையும் சேர்த்தே பிரதி எடுத்தேன்.

ஆசிரியருக்கும் எழுதினேன். சாயங்காலம் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். குழுவின் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

இரவுப்பணி | 21 செப்டம்பர், காலை 6:50

நல்ல வேலை செய்தீர்கள். பிள்ளையின் எடை மாறிக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து அளவைத் திருத்துங்கள். தெர்மாமீட்டர் பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறீர்களா?

நடைவழி | 21 செப்டம்பர், காலை 8:40

இல்லை, இன்றே வாங்குகிறேன். சாவியும், பழைய குடை ஐயா சொன்ன கையெழுத்திட்ட கடிதமும் சனிக்கிழமை தம்பி கைக்குப் போகின்றன. உயில் பற்றி வழக்கறிஞர் அடுத்த வாரம் பேச நேரம் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.